இலவச போனும் 36 மாதமும்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் அமெரிக்காவில் இருக்கும் மாணவன் ஒருவன் போன் செய்தான். ஏழாம் வகுப்பில் என்னிடம் கணக்குப் படித்தவன். "சார், பழைய போனைக் கொடுத்தா புதுப் போன் இலவசம்னு கம்பெனியில சொல்றாங்க. வாங்கலாமா?" என்றான். "இலவசம்னா என்கிட்ட ஏன்டா கேக்குறே?" என்றேன். சிறிது நேரம் பேச்சே இல்லை. பிறகு சொன்னான்: "அம்மாவுக்கு முடியல சார். அடுத்த வருஷம் ஊருக்கே வந்துடலாமான்னு யோசனை. ஆனா இதுல 36 மாசம்னு போட்டிருக்கு."

உடனே பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். அந்த 36 மாதத்துக்குப் பின்னால் ஒரு வரலாறே இருக்கிறது.

அமெரிக்காவில் பல பத்தாண்டுகள் வீட்டுத் தொலைபேசி வீட்டுக்காரருக்குச் சொந்தமில்லை. பெல் நிறுவனத்துக்குச் சொந்தம். மாதாமாதம் வாடகை கட்ட வேண்டும். நம் ஊரிலும் அந்தக் கறுப்புப் பெட்டி தொலைபேசித் துறையுடையதாகத்தானே இருந்தது? 1968-ல் கார்ட்டர்போன் வழக்கில்தான், வேறு நிறுவனத்தின் கருவியையும் அந்தக் கம்பியில் இணைக்கலாம் என்று அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் தீர்ப்பளித்தது.

அடுத்து கைப்பேசி வந்தது. 1980-களில் விற்பனைக்கு வந்த மோட்டோரோலாவின் முதல் கைப்பேசி விலை 3,995 டாலர். அந்த விலைக்குச் சாதாரண மக்கள் எப்படி வாங்குவார்கள்? சேவை நிறுவனங்கள் ஒரு வழி கண்டன. போன் விலையில் பெரும்பகுதியைத் தாங்களே ஏற்பது, பதிலுக்கு வாடிக்கையாளரை ஒப்பந்தத்தில் கட்டிப்போடுவது. போகப்போக இரண்டு வருட ஒப்பந்தம் என்பது வழக்கமாகிவிட்டது. நடுவில் விலகினால் அபராதம். வெரிசான் நிறுவனம் 2009 நவம்பரில் ஸ்மார்ட்போன்களுக்கு அந்த அபராதத்தை 175 டாலரிலிருந்து 350 டாலராக இரட்டிப்பாக்கியது. ஆணையமே விளக்கம் கேட்டது.

இனி ஒரு கணக்கு. வகுப்பில் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

2007-ல் முதல் ஐபோன் வந்தது. சில மாதங்களில் விலை 399 டாலர் ஆனது. அதற்கான இணையக் கட்டணம் மாதம் 20 டாலர். 2008-ல் அடுத்த ஐபோன் 199 டாலருக்கு வந்தது. பாதி விலை என்று மக்கள் வரிசையில் நின்றார்கள். ஆனால் ஏ.டி. அண்ட் டி நிறுவனம் இணையக் கட்டணத்தை மாதம் 30 டாலர் ஆக்கியிருந்தது. மாதம் 10 டாலர் கூடுதல். 24 மாதத்துக்கு 240 டாலர். விலையில் குறைந்தது 200, கட்டணத்தில் கூடியது 240. முன்பு 20 டாலருக்குள் அடங்கியிருந்த குறுஞ்செய்திகளுக்கும் தனிப் பணம். இப்போது சொல்லுங்கள், மானியம் கொடுத்தது யார், கட்டியது யார்?

இரண்டு வருடம் முடிந்தால் மறுபடியும் சலுகை விலையில் புதுப் போன் வாங்கலாம். இதைத்தான் அப்கிரேட் என்கிறார்கள். வெரிசானில் இதற்கென்றே 'நியூ எவ்ரி டூ' என்று ஒரு திட்டம் இருந்தது. இரண்டு வருடம் முடித்தவருக்குப் புதுப் போன் விலையில் மேலும் தள்ளுபடி. 2011 ஜனவரியில் புதியவர்களை அதில் சேர்ப்பதை நிறுத்தினார்கள். 2012-ல் போன் மாற்றவே 30 டாலர் கட்டணம் வந்தது. அதே வருடம் ஏ.டி. அண்ட் டி தன் மாற்றுக் கட்டணத்தை 18-லிருந்து 36 டாலராக உயர்த்தியது. அதுவரை 20 மாதம் ஆனாலே மாற்றிக்கொள்ளலாம் என்றிருந்ததை 2013-ல் இரு நிறுவனங்களும் 24 மாதமாக்கின. ஒவ்வொன்றும் சின்ன மாற்றம்தான். அறிவிப்பைப் படித்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

அதே 2013 மார்ச்சில் டி-மொபைல் ஒரு புதுமை செய்தது. ஒப்பந்தம் வேண்டாம், சேவைக்கு ஒரு விலை, போனுக்குத் தனியாக மாதத் தவணை என்றது. போன் கடன் முடிந்ததும் மாதக் கட்டணம் தானாகக் குறையும். இது எனக்குப் பிடித்தது. மறைந்திருந்த கணக்கைப் பிரித்து வெளியே வைத்தார்கள் அல்லவா? சில மாதங்களில் மற்ற நிறுவனங்களும் தவணைத் திட்டம் கொண்டுவந்தன. ஆனால் தொடக்கத்தில் ஏ.டி. அண்ட் டியும் வெரிசானும் சேவைக் கட்டணத்தைக் குறைக்கவில்லை. பழைய மானியத்துக்கான பணம் அந்தக் கட்டணத்துக்குள்ளேயே இருந்தது. போனுக்கு முழு விலையும் தவணையில் கட்டு, இல்லாத மானியத்துக்கும் சேர்த்துக் கட்டு! எதிர்ப்பு வந்த பிறகுதான் அந்தக் கட்டணங்கள் இறங்கின. 2015 ஆகஸ்டில் வெரிசானும் 2016 ஜனவரியில் ஏ.டி. அண்ட் டியும் இரண்டு வருட ஒப்பந்த விற்பனையைக் கைவிட்டன.

கட்டு அவிழ்ந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் வேறு பெயரில் திரும்பி வந்தது. 24 மாதத் தவணை இந்த இரு நிறுவனங்களிலும் 36 மாதமாக நீண்டது. இலவசம் என்றால் போன் விலையைக் கடையிலேயே தள்ளுபடி செய்வதில்லை. மாதத் தவணையை எழுதி, அதே தொகையை அந்த மாத பில்லில் கழிக்கிறார்கள். 36 மாதமும் இருந்தால்தான் போன் இலவசம். நடுவில் போனால் கழிவு நின்றுவிடும், மீதிக் கடன் நம் தலையில் விழும். ஒப்பந்தம் என்ற சொல் போய்விட்டது, ஒப்பந்தம் போகவில்லை.

இதைத்தான் மாணவனுக்குச் சொன்னேன். 900 டாலர் போன் என்றால் மாதம் 25 டாலர். 12-ஆம் மாதம் ஊருக்குக் கிளம்பினால் மீதி 24 மாதம், 600 டாலர் கையிலிருந்து கட்ட வேண்டும். பழைய போனையும் ஏற்கெனவே கொடுத்திருப்பாய். முழுக் கடனும் தீரும்வரை பல நிறுவனங்கள் போனின் பூட்டைத் திறப்பதில்லை. பூட்டுத் திறக்காவிட்டால் இங்கே வந்து நம் ஊர் சிம் போட்டாலும் வேலை செய்யாது.

"மூன்று வருஷம் அங்கேயே இருக்கப்போறேன்னு உறுதியா இருந்தா வாங்கிக்கோ, நஷ்டம் இல்லை. உறுதி இல்லைன்னா வேண்டாம். அம்மாவைப் பார்க்க வர்றதா வேண்டாமான்னு முடிவெடுக்கிற நேரத்துல ஒரு போன் கடன் குறுக்கே நிக்கக் கூடாதுடா" என்றேன்.

அவன் சிரித்தான். "600 டாலருக்காக அம்மாவைப் பார்க்காம இருப்பேனா சார்?" என்றான். இருக்க மாட்டான், எனக்குத் தெரியும். ஆனால் வீட்டுக் கடன், கார் கடன், போன் கடன் என்று ஒவ்வொன்றாகச் சேரும்போது, "இந்த வருஷம் வேண்டாம், அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று மனம் தானாகச் சொல்லத் தொடங்கும். அப்படி அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போட்டுக் கடைசியில் வர முடியாமல் போனவர்கள் நம் உறவிலேயே உண்டு. பெயர் சொல்ல வேண்டியதில்லை.

நேற்று செய்தி அனுப்பியிருந்தான். பழைய போனுக்குப் பேட்டரி மட்டும் மாற்றிக்கொண்டானாம். பொங்கலுக்கு டிக்கெட் போட்டுவிட்டானாம்.

வெளிநாட்டில் இருக்கும் மற்ற பிள்ளைகளும் உங்கள் மாத பில்லை ஒருமுறை எடுத்து, இன்னும் எத்தனை தவணை பாக்கி என்று பாருங்கள். என் கணக்கில் பிழை இருந்தால் தயங்காமல் எழுதுங்கள். கரும்பலகையில் நான் தப்பாகப் போட்டபோது கை தூக்கிச் சொன்னவர்கள்தானே நீங்கள்!

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்