வண்டி சறுக்கினால் பிடிப்பது யார்? திருவள்ளூர் சொல்லும் வரலாறு



நாங்கள் மெக்கானிக்கல் படித்த 1980-களில், மழையில் வண்டி சறுக்கினால் டிரைவரின் கைதான் காப்பாற்ற வேண்டும். இன்று அந்த வேலையில் கம்ப்யூட்டரும் கை கொடுக்கிறது.

கும்மிடிப்பூண்டி சிப்காட் அருகே மழையில் காரில் போகிறோம் என்று வையுங்கள். முன்னால் போகும் லாரி திடீரென்று நிற்கிறது. ஸ்டீயரிங்கை வலப்பக்கம் ஒடிக்கிறோம். வண்டியின் பின்பக்கம் இடப்பக்கமாக வீசுகிறது. ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பியது, வண்டி எவ்வளவு சுழல்கிறது என்று சென்சார்கள் சொல்லும். இரண்டும் பொருந்தாவிட்டால் ஒரே ஒரு சக்கரத்துக்கு, இங்கே இடது முன்சக்கரத்துக்கு, பிரேக் விழும். எஞ்சின் சக்தியும் குறையும். வண்டி நேராகிவிடும். இதுதான் ஈ.எஸ்.பி.

இதற்கு அடித்தளம், 1978-ல் போஷ் நிறுவனம் பென்ஸ் காரில் பொருத்திய ஏ.பி.எஸ். 1990-ல் மிட்சுபிஷி தன் டயமான்டே காரில் இதன் ஆரம்ப வடிவத்தைக் கொண்டுவந்தது. 1995-ல் போஷும் பென்ஸும் முழு வடிவம் தந்தன. 1997-ல் ஸ்வீடனில் நடந்த சோதனையில் பென்ஸின் சின்ன கார் ஏ-கிளாஸ் கவிழ்ந்தது. அதன்பின் அந்தக் கார் அனைத்திலும் இதைப் பொருத்தினார்கள். பணக்காரர் வண்டிக்கு மட்டும் என்ற நிலை மாறத் தொடங்கியது அப்போதுதான்.

நம்ம ஊருக்கு அது வர ரொம்ப நாளாயிற்று. 1998-ல் இந்துஸ்தான் மோட்டார்ஸின் திருவள்ளூர் தொழிற்சாலையில் மிட்சுபிஷி லான்சர் தயாரானது. அதில் இது கிடையாது. பின்னாளில் அதே தொழிற்சாலையில் சிட்ரோயன் கார்கள் வந்தன. 2021-ல் வந்த விலை கூடிய சி5-ல் இது இருந்தது. 2022-ல் வந்த விலை குறைந்த சி3-ல் இல்லை. 2023-ல் டர்போ வகைக்கு மட்டும் கொடுத்தார்கள். 2024-ல் பசால்ட் காரின் எல்லா வகையிலும் வந்துவிட்டது. 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் மதிப்பீட்டில் மூன்று நட்சத்திரமோ அதற்கு மேலோ வாங்க இது இருந்தே ஆக வேண்டும்.

ஒரே தொழிற்சாலை வாசலில் வெளியே வரும் இரண்டு வண்டிகளில், விலை குறைந்ததில் போகிறவர் உயிர் மட்டும் மலிவா? இந்தக் கேள்வியை நாளை டிசைன் மேசையில் உட்காரப் போகும் நீங்கள்தான் கேட்க வேண்டும்.

ஒன்று மட்டும் மறவாதீர்கள்: மொட்டை டயருக்கும் கண்மூடித்தனமான வேகத்துக்கும் எந்தக் கம்ப்யூட்டரும் மருந்தாகாது.