முத்துக்குள் புழு

சிப்பிக்குள் முத்து எப்படி வருகிறது? எங்கள் ஆச்சி சொன்ன பதில், சுவாதி நட்சத்திரத்தில் விழும் மழைத்துளி. பள்ளிக்கூடத்தில் சொன்ன பதில், மணல் துகள். நானும் விலங்கியல் வாத்தியாராகி, ஓய்வு பெறும்வரை மணல் என்றே சொல்லிக்கொடுத்தேன். மூன்றாவதாக ஒரு பதில் இருந்தது என்பது, ஓய்வுக்குப் பின் பழைய முத்துக்குளிப்பு வரலாற்றைப் படித்தபோதுதான் தெரிந்தது: நாடாப்புழு!

தாமிரபரணி கடலில் சேரும் கரை முத்துக்குப் பேர்போனது. அந்தக் காலத்துத் துறைமுகமான கொற்கையை விட்டுக் கடல் இன்று விலகிப் போய்விட்டது. தூத்துக்குடியும் 1986 வரை நம் திருநெல்வேலி மாவட்டம்தான். மன்னார் வளைகுடாவின் எதிர்க்கரை இலங்கை. முத்துப் படுகைகள் இரண்டு பக்கமும் உண்டு. சில வருடம் சிப்பி குவியும். பிறகு பல வருடம் ஒன்றும் இராது. காரணம் கண்டறிய 1902-ல் இங்கிலாந்தின் லிவர்பூலிலிருந்து பேராசிரியர் ஹெர்ட்மேன் இலங்கைக்கு வந்தார். உதவிக்கு வந்தவர் ஜேம்ஸ் ஹார்னெல். பின்னாளில் சென்னை மாகாண மீன்வளத்துறை இயக்குநரானவர் இவர்தான்.

சிப்பியின் சதைக்குள் சின்னஞ்சிறு வெள்ளை உருண்டைகளை அவர்கள் கண்டார்கள். அவை நாடாப்புழுவின் இளம்பருவம். சிப்பியைக் கடித்து நொறுக்கித் தின்னும் திருக்கை மீனின் குடலில் வளர்ந்த புழுக்கள் இருந்தன. கணக்கு சுலபமாக முடிந்தது: இளம்புழு சிப்பிக்குள் சாகிறது, அதைச் சுற்றி முத்து படிகிறது. அப்படியானால் சிப்பியைத் தின்னும் திருக்கை முத்துக்குப் பகைவன் அல்ல, பங்காளி! கேம்பிரிட்ஜின் ஷிப்லியும் ஹார்னெலும் 1904-ல் புழுவுக்குப் பெயர் வைத்தார்கள்: டெட்ராரிங்கஸ் யூனியோனிஃபாக்டர். பின்பாதிக்கு ‘முத்து செய்பவன்’ என்று பொருள்.

சிக்கல் அடையாளத்தில் இருந்தது. நாடாப்புழுவின் உடல் நாடா எல்லாம் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். பெரிய பிரிவுகளைப் பிரித்துக் காட்டுவது முக்கியமாகத் தலை. டெட்ராரிங்கஸ் வகைக்குத் தலையில் முள்கொக்கிகள் பதித்த நான்கு நீண்ட உணர்கொம்புகள் உண்டு. உறைக்குள் இழுத்துக்கொள்ளும், வெளியே நீட்டும். ஆனால் சிப்பியில் கிடந்த உருண்டைக்குக் கொக்கியே இல்லை. சின்னப் புழுதானே, வளர்ந்தால் முளைக்கும் என்று எண்ணிவிட்டார்கள்.

1912-ல் லிஸ்டர் ஜேம்சன் மறுத்தார். இது டெட்ராரிங்கஸின் குட்டியே அல்ல, வேறு பிரிவு என்றார். டைலோசெபாலம் என்ற அந்தப் பேரினத்துக்குத் தலை மெத்தை போல இருக்கும். உறிஞ்சிகள் உண்டு, கொக்கி கிடையாது. அதுவும் திருக்கையின் குடலில் வாழ்வதுதான். அவர் சூட்டிய பெயர் டைலோசெபாலம் லூடிஃபிகன்ஸ். லூடிஃபிகன்ஸ் என்றால் ஏமாற்றுகிறவன். முத்துகளின் நடுவில் புழு இருப்பதும் அபூர்வம் என்று அவர் வாதிட்டார்.

‘முத்து செய்பவன்’ முத்து செய்யவில்லை. ஆனாலும் அந்தப் பெயரை எடுக்க முடியாது. பொருள் பொருந்தவில்லை என்பதற்காக ஓர் உயிரினத்தின் பெயரை மாற்ற விலங்கியல் பெயரிடு விதிகள் அனுமதிப்பதில்லை. பேரினப் பெயர் மாறலாம், பின்பாதி நிற்கும். நம் பக்கத்தில் ‘குட்டி’ என்று பெயர் வைத்த பையன் ஆறடி வளர்ந்தாலும் குட்டிதானே!

சரி, உண்மைதான் என்ன? சிப்பியின் ஓட்டைச் சுரக்கும் மேலுறைச் செல்கள் எப்படியோ சதைக்குள் இறங்கி ஒரு பையாக வேண்டும். அந்தப் பைதான் முத்தைப் படியவைக்கிறது. செல்களை உள்ளே தள்ளியது காயமாக இருக்கலாம், ஒட்டுண்ணியாகவும் இருக்கலாம். ஆக, புழுக்காரர்கள் முழுக்கத் தவறியவர்கள் அல்ல. 1973-ல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் முத்து வளர்த்துக் காட்டியதும் இப்படித்தான்: ஓர் உருண்டை மணியோடு மேலுறைத் துணுக்கையும் சேர்த்து வைத்தார்கள்.

தலையைப் பார்க்காமல் பெயர் வைத்தது அவர்கள் பிழை. சிப்பியைத் திறந்து பார்க்காமலே பாடம் நடத்தியது என் பிழை. என்னிடம் படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த மணலைத் திருத்திக்கொள்ளுங்கள்.