எண் என்றால் எந்த எண்? மிராண்டாவிலிருந்து ஹாஸ்கெலுக்கு

கலைப்பீடத்துக்காரருக்குக் கணினி நிரலோடு என்ன வேலை எண்டு கேட்பீர்கள். இது மொழிபெயர்ப்பின் கதை, அதனால் எங்கட கதையும்தான்.

கணித வகுப்பில் படித்த 'சார்பு'களை வைத்தே முழு நிரலையும் எழுதும் ஒரு மரபு உண்டு. கென்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த டேவிட் டேர்னர் 1985இல் அந்த மரபில் மிராண்டா என்ற மொழியை வெளியிட்டார். அழகான மொழி. ஆனால் அவருடைய நிறுவனம் விற்ற பொருள். அப்போது இதையொத்த மொழிகள் ஒரு டசினுக்கும் மேல் இருந்தன. 1987இல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் கூடிய ஆய்வாளர்கள் பொதுமொழி ஒன்று வேணும் என்று முடிவெடுத்தார்கள். அதற்கு மிராண்டாவை அடித்தளமாகத் தரும்படி கேட்டபோது டேர்னர் மறுத்துவிட்டார். தன் மொழி பல வழக்குகளாகச் சிதறக்கூடாது என்பது அவர் கவலை. நியாயமானதுதான், ஆனால் அந்த மறுப்பில்தான் ஹாஸ்கெல் தனிமொழியாகப் பிறந்தது. அதன் முதல் அறிக்கை 1990 ஏப்ரல் 1இல் வந்தது (ஓம், முட்டாள்கள் தினத்தில்தான்). பேர்டும் வாட்லரும் 1988இல் மிராண்டாவை ஒட்டிய குறியீட்டில் எழுதிய பாடநூல்கூட, 1998இல் பேர்டின் கையால் ஹாஸ்கெலுக்கு மாறியது.

பெயர்ப்பதில் பாதி சும்மா எழுத்துமாற்றம். 'எந்த வகையும்' என்பதற்கு மிராண்டா நட்சத்திரக்குறி போடும், ஹாஸ்கெல் ஆங்கிலச் சிற்றெழுத்துப் போடும். மிராண்டாவில் நிபந்தனை விடைக்குப் பின்னால் வரும், ஹாஸ்கெலில் முன்னால்.

தலையிடி எண்ணில்தான். மிராண்டாவில் எண்ணுக்கு ஒரே வகை, முழு எண்ணும் தசமமும் அதற்குள் அடக்கம். ஹாஸ்கெல் விடாது: முழு எண்ணா, தசமமா, முழு எண் என்றால் எல்லை உள்ளதா இல்லாததா? சராசரி காண, கூட்டுத்தொகையைப் பட்டியலின் நீளத்தால் வகுக்கும் வரி மிராண்டாவில் அப்படியே ஓடும். ஹாஸ்கெலில் நீளம் ஒரு முழு எண், வகுத்தல் குறியோ முழு எண்ணை ஏற்காது. நடுவில் வகைமாற்றும் சார்பு ஒன்றைப் போடாமல் கம்பைலர் நகராது.

ஆங்கிலக் கதையைத் தமிழாக்கிப் பார்த்தவர்களுக்கு இது பழகிய இடம். 'யூ' என்பது நீயா, நீரா, நீங்களா? எழுதியவர் யோசிக்கத் தேவையே இல்லாத கேள்விக்குப் பெயர்ப்பவர் பதில் சொல்ல வேணும். யாழ்ப்பாணத்தில் 'நீர்' இன்னும் புழங்குவதால் எங்களுக்குக் குழப்பம் ஒன்று கூட.

சமன் குறியும் அப்படியே. இரண்டு சார்புகளை ஒப்பிடச் சொன்னால் மிராண்டா ஓடும்போதுதான் பிழை காட்டும். ஹாஸ்கெல் ஓட முன்னமே மறித்துக் கேட்கும். பெயர்ப்பை வெறும் நகல்வேலை என்பவர்களுக்கு நாங்கள் இதைத்தான் காட்டுவோம்.

2020இல் டேர்னர் மிராண்டாவின் மூலநிரலைத் திறந்துவிட்டார், 2023இல் காலமானார். இப்போது யாரும் அதை இறக்கி, பழைய நிரலை அதன் சொந்த மொழியிலேயே ஓட்டி, பெயர்ப்போடு பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.