செயலியின் வேகமும் வெப்பமும்

கணினிச் செயலிக்குள் போகும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே வெளியேறுகிறது. அந்த வெப்பத்தை எவ்வளவு விரைவாக வெளியேற்ற முடியும் என்பதுதான் செயலி எவ்வளவு நேரம் முழு வேகத்தில் ஓடும் என்பதைத் தீர்மானிக்கிறது. பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சிட்ட கிகாஹெர்ட்ஸ் கணக்கு பாதி உண்மைதான்.

செயலியின் இயக்க மின்திறன் கடிகார வேகத்துக்கும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கும் ஏற்பக் கூடும். 3 கிகாஹெர்ட்ஸை 2.4 ஆகக் குறைத்தால் 20 விழுக்காடு மிச்சம். கூடவே மின்னழுத்தத்தையும் 1.2 வோல்ட்டிலிருந்து 1 வோல்ட்டுக்கு இறக்கினால் மிச்சம் 44 விழுக்காடு. வேகம் தணிந்தால் குறைந்த மின்னழுத்தமே போதும். ஆகவே இரண்டையும் சேர்த்தே இறக்குகிறார்கள். இன்டெல் 2000-இல் லேப்டாப்புகளில் கொண்டுவந்த ‘ஸ்பீட்ஸ்டெப்’ இந்த வகை. லினக்ஸில் ‘கவர்னர்’ எனும் பகுதி வேலைப்பளுவைப் பார்த்து வேகத்தை ஏற்றி இறக்குகிறது.

டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கி, மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைத்தால் சதுர மில்லிமீட்டருக்கான வெப்பம் கூடாது என்று ராபர்ட் டெனார்டும் குழுவினரும் 1974-இல் காட்டினர். 2005-ஐ ஒட்டி அந்த வசதி முடிந்தது. சும்மா இருக்கும் டிரான்சிஸ்டரிலும் மின்கசிவு பெருகியதால் மின்னழுத்தத்தை மேலும் குறைக்க முடியவில்லை. 2004-இலேயே இன்டெல் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தைக் கைவிட்டுப் பல கருக்கள் கொண்ட செயலிகளுக்குத் திரும்பியது.

சென்னை ஐஐடியின் ‘சக்தி’ செயலிகள் 2018-இல் இரு இடங்களில் வார்க்கப்பட்டன: ஒன்று இன்டெல்லின் 22 நானோமீட்டர் முறையில், மற்றொன்று சண்டிகர் ஆலையின் 180 நானோமீட்டர் முறையில். பின்னதற்கு வழக்கமான மின்னழுத்தம் 1.8 வோல்ட். வர்க்கக் கணக்கை நினைத்தால் பழைய முறையில் வேகம் எவ்வளவு விலை பிடிக்கும் என்பது விளங்கும்.

நம் ஊர் வெயிலும் கணக்கில் சேரும். பல செயலிகள் 100 டிகிரி செல்சியஸை நெருங்கியதும் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஏசி போட்ட 22 டிகிரி அறையில் அந்த வரம்புக்கு 78 டிகிரி இடைவெளி. கத்திரி வெயிலில் மாடி அறை 36 டிகிரியைத் தொட்டால் இடைவெளி 64தான். அதே ஹீட் சிங்க், அதே ஃபேன் வெளியேற்றக்கூடிய வெப்பம் சுமார் 18 விழுக்காடு குறையும். ஹீட் சிங்க் தகடுகளுக்கும் ஃபேனுக்கும் நடுவே தூசி கம்பளிபோல் படிந்து, தெர்மல் பேஸ்ட்டும் காய்ந்திருந்தால் இழப்பு இன்னும் அதிகம். ‘சிஸ்டம் ஸ்லோ’ என்று புது ரேம் வாங்கும் முன் ப்ளோயர் பிடித்துப் பார்ப்பது மலிவு.