பிள்ளைக்கு முதல் டெலஸ்கோப்: பெட்டியில் போட்டிருக்கும் ‘525 மடங்கு’ உண்மையா?

உங்க தம்பிக்கோ தங்கச்சிக்கோ நட்சத்திரம்னா உயிரா? பிறந்தநாளுக்கு டெலஸ்கோப் வாங்கித் தரலாம்னு நினைக்கிறீங்களா? பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க. முதல் ரெண்டு ராத்திரியும் ஒன்றுமே தெரியவில்லை என்றால், டெலஸ்கோப் அலமாரி மேலே ஏறிவிடும். பிள்ளையின் ஆர்வமும் அதோடு போய்விடும்.

கோல சிலாங்கூரில் இருந்தால் என்ன லாபம்?

இருட்டு. கம்போங் குவாந்தான் மின்மினிகளுக்குத் தேவையான அதே இருட்டுதான் வானம் பார்ப்பவருக்கும் வேண்டும். புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டங்களில், தெருவிளக்கை விட்டுச் சற்றுத் தள்ளி நின்றாலே கோலாலம்பூரில் தெரியாத பல நட்சத்திரங்கள் தெரியும். செம்பனை மரங்கள் மறைக்காத திடல் கிடைத்தால் இன்னும் நல்லது. ரமலான், நோன்புப் பெருநாள் பிறை பார்க்கும் இடங்களில் ஒன்றான புக்கிட் மலாவாத்தியும் இங்கேதான் இருக்கிறது.

எத்தனை மடங்கு வேண்டும்?

பெட்டியில் உள்ள ‘525 மடங்கை’ மறந்திடுங்க. பார்க்க வேண்டியது விட்டம், அதாவது முன்பக்க லென்ஸ் அல்லது உள்ளே இருக்கும் கண்ணாடியின் அகலம். விட்டம் இரண்டு மடங்கானால் உள்ளே வரும் ஒளி நான்கு மடங்காகும். ஒரு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 2 மடங்கு, அதுதான் உச்ச வரம்பு. அப்படியென்றால் 60 மில்லிமீட்டர் டெலஸ்கோப்புக்கு 120 மடங்கு. அதைத் தாண்டினால் படம் பெரிதாகும், ஆனால் மங்கிப்போகும்.

கணக்கு சுலபம். டெலஸ்கோப்பின் குவியத் தூரத்தை, கண் வைத்துப் பார்க்கும் லென்ஸின் குவியத் தூரத்தால் வகுக்கணும். 650-ஐ 10-ஆல் வகுத்தால் 65 மடங்கு. சனியின் வளையம் தெரிய அதுவே போதும்.

எந்தத் தாங்கி?

இங்கேதான் நம்ம ஊருக்கென்று ஒரு விஷயம் இருக்கு. ‘ஈக்குவடோரியல்’ தாங்கியைத் துருவ நட்சத்திரத்தை நோக்கித் திருப்பி வைக்க வேண்டும். கோல சிலாங்கூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 3 பாகையில் இருப்பதால், அந்த நட்சத்திரமும் அடிவானத்துக்கு மேல் ஏறக்குறைய 3 பாகை உயரத்தில்தான் நிற்கும். மரமும் மேகமும் மறைத்துவிடும். பல தாங்கிகளை அவ்வளவு தாழ்வாகச் சாய்க்கவும் முடியாது.

அதனால் மேலும் கீழும், இடமும் வலமும் திரும்பும் எளிய தாங்கியே பிள்ளைக்கு ஏற்றது. மேசைமேல் வைக்கும் ‘டொப்சோனியன்’ வகையில் 114 அல்லது 130 மில்லிமீட்டர் கிடைத்தால் நல்ல தொடக்கம். மேசை ஆடாமல் இருக்கணும், அவ்வளவுதான்.

பட்ஜெட் பத்தலையா?

10x50 பைனாகுலர் வாங்குங்க. நிலவின் பள்ளங்கள், கையை ஆடாமல் ஊன்றிக்கொண்டால் வியாழனின் நான்கு பெரிய நிலவுகள் எல்லாம் அதிலேயே தெரியும். மலிவான, ஆடும் டெலஸ்கோப்பை விட இது எவ்வளவோ மேல்.

கவனிக்க வேண்டியவை

டெலஸ்கோப்பையோ பைனாகுலரையோ சூரியன் பக்கம் திருப்பவே கூடாது. ஒரு நொடியில் பார்வை போய்விடலாம். கண் வைக்கும் லென்ஸில் மாட்டுகிற மலிவான சூரிய ஃபில்டர் வெப்பத்தில் வெடிக்கக்கூடும். பெட்டிக்குள் இருந்தால் தூக்கிப் போட்டுடுங்க. பகலில் பிள்ளையைத் தனியாகப் பயன்படுத்த விடாதீங்க.

நம்ம ஊர் ஈரக்காற்றில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். பனி படிந்தால் துடைக்காமல் தானாகக் காய விட்டு, சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு மூடி வைக்கவும்.

முதலில் எதைப் பார்ப்பது?

பௌர்ணமி வேண்டாம். நிழல் இல்லாததால் நிலவு தட்டையாகத் தெரியும். அரை நிலவு நாளில், ஒளியும் இருளும் சேரும் கோட்டை ஒட்டிப் பாருங்க. பள்ளங்கள் அங்கேதான் தெளிவாகத் தெரியும். மே மாதம் இரவு பத்து மணி வாக்கில் தெற்கே சிலுவை வடிவில் நான்கு நட்சத்திரங்கள் நிற்கும். அதைக் காண டெலஸ்கோப்பே வேண்டாம். அதைப் பிள்ளையே தேடிக் கண்டுபிடிக்கட்டும். வானத்தில் வழி தெரிந்த பிள்ளைக்குத்தான் டெலஸ்கோப்பை எங்கே திருப்புவது என்று தெரியும்.