தலைகீழான சின்னம்

1326 நவம்பர் 24. ஹெரஃபோர்ட் நகருக்குள் இழுத்து வரப்பட்ட ஹியூ டெஸ்பென்சரின் தலையில் காஞ்சொறிச் செடியில் முடைந்த கிரீடம். உடம்பில் அவருடைய குலச்சின்னம் தீட்டிய அங்கி. சின்னம் மட்டும் தலைகீழ். துரோகிக்கு அன்று செய்த மரியாதை அது. இங்கிலாந்து மன்னர் இரண்டாம் எட்வர்டின் செல்வாக்கில் நாட்டையே ஆட்டிவைத்தவரைத் தூக்கிலிட்டு, குடலை உருவி, நான்காக வெட்டினார்கள்.

அதே டெஸ்பென்சர் இன்றும் ட்யூக்ஸ்பரி மடாலயக் கோயிலின் உயரத்து வண்ண ஜன்னலில் கவசத்தோடு நிற்கிறார். வெள்ளையும் சிவப்பும் மாறிவரும் நான்கு கட்டங்கள், சிவப்பின்மேல் பொன்வலை, குறுக்கே சாய்வாக ஒரு கறுப்புப் பட்டை. சின்னம் நேராகவே இருக்கிறது.

இரண்டு ஜன்னல்கள், எட்டு வீரர்கள். சார்பதிவாளர் அலுவலக வில்லங்கச் சான்றிதழ் போல, ட்யூக்ஸ்பரி மண் யார் யார் கைக்கு வந்தது என்று வரிசைப்படுத்துகிறார்கள். மடத்தை நிறுவிய ராபர்ட் ஃபிட்ஸ்ஹாமனும் உண்டு. அவர் இறந்தது 1107-இல். குலச்சின்ன வழக்கமே அதன்பிறகுதான் வந்தது. ஆனாலும் அவருக்கும் ஒரு சின்னம் கற்பித்து மாட்டிவிட்டார்கள்! அடுத்து கிளேர் குடும்பத்தார், பொன் நிறத்தில் மூன்று சிவப்புக் கூரைக்கோடுகளோடு. சிவப்புதான் கைவினைஞருக்குச் சோதனை. கண்ணாடி முழுக்கச் சிவப்பேற்றினால் வெளிச்சம் புகாமல் கறுத்துவிடும். அதனால் வெள்ளைக் கண்ணாடிமேல் மெல்லிய சிவப்புப் படலம் மட்டும் ஏற்றுவார்கள்.

1314-இல் பானக்பர்ன் போரில் கடைசி கிளேர் பிரபு வாரிசின்றி மடிய, சொத்து மூன்று சகோதரிகளுக்குப் பிரிந்தது. ட்யூக்ஸ்பரி மூத்தவள் எலினோருக்கு. அவள் கணவர்தான் டெஸ்பென்சர். அவர் இறந்தபின் எலினோர் மணந்த வில்லியம் ஸூஷும் அந்த எண்மரில் ஒருவர். இந்த ஸூஷ் யார் தெரியுமா? டெஸ்பென்சரின் மகன் அடைபட்டிருந்த கேர்ஃபிலி கோட்டையை முற்றுகையிட்டவர்!

ஜன்னல்களைச் செய்வித்தது எலினோரா, அந்த மகனா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. எலினோர் 1337-இல் இறந்துவிட்டாள். கண்ணாடி வேலை 1340-ஐ ஒட்டியது என்கிறார்கள். திட்டம் அவளுடையது, முடித்தவன் மகன் என்றே எனக்குப் படுகிறது. வெட்டுண்ட கணவனையும் அவனுடைய எதிரியையும் ஒரே வரிசையில் நிறுத்த வேண்டிய தேவை, இருவருக்கும் மனைவியாக இருந்தவளுக்குத்தானே இருந்தது? கிழக்கு ஜன்னலின் அடியில் ஆடையின்றி மண்டியிட்டிருக்கும் பெண் அவள்தான் என்பது பலர் கணிப்பு.

எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது இந்தக் கோயிலும் இடிபட்டிருக்கும். ஊர்மக்கள் கூரை ஈயத்துக்கும் மணிகளுக்கும் மதிப்பிட்ட 453 பவுண்டைக் கொடுத்து அதைத் தங்களுடையதாக்கிக் கொண்டார்கள். டெஸ்பென்சரும் அந்த விலையில் அடக்கம்.