விதி: இரண்டு அர்த்தங்கள்

விதி என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு அர்த்தங்கள். ஒன்று நெற்றியில் எழுதியது. மற்றது நான் வேலை பார்க்கும் வங்கியில் தடித்த புத்தகமாகக் கட்டிவைத்திருப்பது. இலக்கண விதி, ஆட்ட விதி எல்லாம் இந்த இரண்டாவதைச் சேர்ந்தவை. இரண்டுக்கும் ஒரே சொல் வாய்த்ததை வெகுநாள் நான் ஒரு மொழி விபத்தாகத்தான் எண்ணியிருந்தேன். சென்ற வைகுண்ட ஏகாதசி இரவு, நங்கநல்லூரில் எங்கள் வீட்டில் இரண்டு ஆட்டங்களை ஒரே சமயத்தில் பார்த்த பிறகு அப்படி எண்ண முடியவில்லை.

கூடத்தில் அம்மாவும் அத்தையும் பக்கத்து வீட்டு மாமியும் கண்விழிப்புக்காகப் பரமபதம் ஆடிக்கொண்டிருந்தார்கள். உள்ளே சாப்பாட்டு மேஜையைச் சுற்றி அக்கா பையனும் அவன் கல்லூரி நண்பர்கள் மூன்று பேரும். அவர்கள் ஆடியது டோல்கீனின் நாவல்களிலிருந்து எடுத்த ஓர் ஆட்டம். பலகை கிடையாது. ஒருவன் கதையை நடத்துகிறான். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, தான் என்ன செய்யப்போகிறேன் என்று சொல்கிறார்கள். அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்கிறது. ஆளுக்கொரு தாள், அதில் அந்தப் பாத்திரத்தின் கணக்கு. இதில் ஜெயிப்பது யார் என்று கேட்டேன். “யாரும் ஜெயிக்க மாட்டா மாமா. கதை நடக்கும், அவ்வளவுதான்.” கூடத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது: “இங்கேயும் அப்படித்தான்டா. எல்லாரும் வைகுண்டம் போய்ச் சேர்ந்தாத்தான் ஆட்டம் முடியும்.”

மாயாஜாலக் கதைகளை நானும் என் நண்பர்களும் எப்போதோ ஒதுக்கிவைத்துவிட்டவர்கள். அவற்றை ஆட்டமாகவும் ஆக்கிவிட்டார்கள் என்றால் சரக்கு இன்னொரு டப்பியில் வருகிறது என்று மட்டுமே நினைத்திருப்போம். இந்த அலட்சியம் தவறு என்று இப்போது தோன்றுகிறது. ஒரு கதையை ஆட்டமாக்குகிறவன் அதைச் சுருக்கிச் சொல்வதில்லை. அந்தக் கதையின் உலகத்தில் எதற்கு என்ன விலை என்று அவன் தீர்மானித்தாக வேண்டும். விமர்சகன் பத்துப் பக்கத்தில் பூசி மெழுகிவிடக்கூடிய இடத்தில் அவன் ஒரு எண்ணைப் போட்டாக வேண்டும்.

இந்தக் காரியத்தை நம்மிடம் பழைய காலத்திலேயே யாரோ செய்திருக்கிறார்கள். பரமபத சோபான படம் புராணங்களிலிருந்து எடுத்த ஆட்டம். வடக்கே இதற்கு ஞான சௌபர் என்று பெயர். ஞானேஸ்வரர் உண்டாக்கியது என்பது ஐதீகம். இன்று நம் கண்ணுக்குக் கிடைப்பவை 18-ஆம் நூற்றாண்டு முதலான படங்கள். ஜைனர்களுக்கு 84 கட்டம், வைஷ்ணவர்களுக்கு 72 கட்டம், சூஃபிகளுக்கு 100 கட்டம் என்று சமயத்துக்குச் சமயம் வரைபடம் மாறியதை ஆண்ட்ரூ டாப்ஸ்ஃபீல்ட் 1985-ல் ஒரு நீண்ட கட்டுரையில் எழுதினார். கட்டங்களின் எண்ணிக்கை மாறுகிறது, உச்சியில் இருக்கும் பதவியின் பெயர் மாறுகிறது; ஏணியும் பாம்பும் மாறுவதில்லை.

எங்கள் வீட்டுத் தாளில் கீழ்வரிசைகளில் பிராணிகள், மேலே போகப்போக லோகங்கள், உச்சியில் சேஷசயனம். ஏணிகளுக்கு பக்தி, தானம், சத்தியம் போன்ற பெயர்கள். பாம்புகளுக்கு அசுரர்களின் பெயர்கள். ஆடுகிறவன் பிரகலாதனாக ஆட முடியாது, இரணியனாகவும் ஆட முடியாது. அவன் பெயரற்ற ஒரு காய். இத்தனை யுத்தங்களும் சாபங்களும் வரங்களும் நிறைந்த கதைகளிலிருந்து இந்த ஆட்டத்தைச் செய்தவன் எடுத்துக்கொண்டது ஒன்றைத்தான்: எந்த இடத்தில் ஏறுகிறோம், எந்த இடத்தில் விழுகிறோம். ராவணன் அவனுக்கு ஒரு பாத்திரமே இல்லை, வழுக்கும் ஓர் இடம். மிக நீண்ட பாம்பு வைகுண்டத்துக்குச் சற்றுக் கீழே வாய் பிளந்திருக்கிறது. ஏறினவனுக்குத்தான் பெரிய வீழ்ச்சி என்பதை எந்த உபன்யாசகரும் இத்தனை சிக்கனமாகச் சொன்னதில்லை.

இந்த ஆட்டத்தில் தேர்வு என்பதே இல்லை. தாயம் விழுந்தால் காய் இறங்கும். விழாவிட்டால் காத்திருக்க வேண்டும். ஆனால் நம்பிக்கையோடு ஆடுகிறவருக்குத் தாயக்கட்டை தற்செயல் அல்ல. விழுகிற எண் முன்னைய ஜன்மங்களின் கணக்கு. ஆகவே பரமபதத்தில் விதியின் இரண்டு அர்த்தங்களும் ஒன்றேதான். ஆட்டத்தின் விதியே ஆடுகிறவரின் விதி. சொல்லும் விளையாட்டும் இப்படி ஒன்றின்மேல் ஒன்று பொருந்தி நிற்பது வேறெங்கும் என் கண்ணில் பட்டதில்லை.

1890-களில் இது இங்கிலாந்தில் கடைச்சரக்கானது. முதலில் அவர்களும் ஏணிகளுக்கு நற்குணப் பெயர்கள் வைத்தார்கள்: சிக்கனம் நிறைவுக்கு, உழைப்பு வெற்றிக்கு. சோம்பலின் பாம்பு வறுமையில் கொண்டுபோய் விட்டது. விக்டோரியா காலத்து வியாபாரியின் மோட்சம் அது. பிறகு அந்தப் பெயர்களும் உதிர்ந்தன. அமெரிக்காவில் 1943-ல் பாம்புகூடப் போய்ச் சறுக்குமரம் வந்தது. பெயர்கள் போனதும் எஞ்சியது வெறும் தற்செயல். உள்ளடக்கம் போனாலும் உருவம் நிற்கும் என்று நம்புகிறவர்கள் ஒருமுறை அந்தப் பலகையில் ஆடிப் பார்க்கலாம்.

சாப்பாட்டு மேஜை ஆட்டத்தின் வம்சாவளி வேறு. 1824-ல் பிரஷ்ய ராணுவத்தில் ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி போர்ப் பயிற்சிக்காக ஓர் ஆட்டத்தை வெளியிட்டான். அதில் ஒரு நடுவன் உண்டு. இரு தரப்புக்கும் தெரியக்கூடாததை மறைத்து வைப்பதும், உத்தரவுகளின் பலனைப் பகடையைக் கொண்டு தீர்ப்பதும் அவன் வேலை. அந்த நடுவன் நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகு கதைசொல்லியாக மாறினான். அமெரிக்காவில் டேவ் ஆர்னஸன், கேரி கைகாக்ஸ் என்ற இரண்டு போர் விளையாட்டுப் பிரியர்கள் படைகளை விட்டுவிட்டுத் தனி ஒருவனை ஆடச் சொன்னார்கள். 1974-ல் முதல் பதிப்பாக ஆயிரம் பிரதிகள் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் அப்படிப் பிறந்தது. ஆயிரம் பிரதி என்ற எண் இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு அந்நியமாக இராது.

அவர்கள் கதைகளிலிருந்து தாராளமாக எடுத்துக்கொண்டார்கள். டோல்கீனிடமிருந்து ஹாபிட் என்ற பெயரையே எடுத்து, உரிமைக்காரர்கள் ஆட்சேபித்ததால் 1977 வாக்கில் மாற்ற வேண்டி வந்தது. அதைவிட முக்கியமானது ஜாக் வான்ஸிடமிருந்து எடுத்தது. 1950-ல் வந்த அவருடைய ‘தி டையிங் எர்த்’ கதைகளில் மந்திரவாதி மந்திரத்தைப் பாடம் செய்து மனத்தில் இருத்துகிறான். உச்சரித்தவுடன் அது மறந்துபோகிறது. மறுபடி பாடம் செய்ய வேண்டும். கைகாக்ஸ் இதை அப்படியே ஆட்ட விதியாக்கினார். இதைப் படித்தபோது எனக்குக் கர்ணன் நினைவு வந்தான். வேண்டிய நேரத்தில் அஸ்திரம் மறந்துபோகும் என்பது பரசுராமரின் சாபம். வான்ஸின் உலகில் மறதி எல்லோருக்கும் பொதுவான செலவு. பாரதத்தில் அது ஒருவனை மட்டும் தேடி வருகிறது. முதலாவதை விதியாக எழுதிவிடலாம். இரண்டாவதும் விதிதான், ஆனால் பழைய அர்த்தத்தில்.

ஒரே நூலிலிருந்து இரண்டு ஆட்டங்கள் பிறக்கும்போது விஷயம் இன்னும் துலங்குகிறது. டோல்கீனின் உலகை முறையாக உரிமை பெற்று 1984-ல் ஓர் அமெரிக்க நிறுவனம் ‘மிடில் எர்த் ரோல் பிளேயிங்’ என்று வெளியிட்டது. அதில் எந்த வாள் எந்த எலும்பை எப்படி முறிக்கும் என்பதற்குப் பட்டியல்கள் உண்டு. ஆடுகிறவர்களுக்கு மந்திர வரிசைகள் ஏராளம். மூலத்திலோ மந்திரம் அபூர்வம்; கண்டால்ஃபே அதைக் கஞ்சத்தனமாகத்தான் செலவழிக்கிறார். தேசப்படங்களை உழைத்து வரைந்தார்கள். கதையில் வலிப்பது எது என்று கேட்டுக்கொள்ளவில்லை. 2011-ல் ஃபிரான்செஸ்கோ நெப்பிடெல்லோ என்ற இத்தாலியர் வேறு விதமாகச் செய்தார். ‘தி ஒன் ரிங்’ என்ற அவருடைய ஆட்டத்தில் ஒவ்வொரு தாளிலும் இரண்டு எண்கள்: நம்பிக்கை, நிழல். இக்கட்டில் நம்பிக்கையைச் செலவழித்துத் தப்பலாம். பாழ்பட்ட இடங்களைக் கடந்தால், தகாததைச் செய்தால், சாபம் பிடித்த பொன்னைத் தொட்டால் நிழல் ஏறுகிறது. குறைகிற நம்பிக்கையை நிழல் எட்டிப் பிடிக்கும்போது ஆள் சோர்ந்து உள்ளுக்குள் உடையத் தொடங்குகிறான். பன்னிரண்டு முகப் பகடையில் ஒரு முகம் சாரோனின் கண். அக்கா பையனின் மேஜையில் உருண்டது இதுதான். டோல்கீனைப் பற்றி நான் படித்த விமர்சனங்களில் இந்த இரண்டு எண்கள் அளவுக்குக் கச்சிதமான வாசிப்பு குறைவு.

லவ்கிராஃப்டின் கதைகளை 1981-ல் சாண்டி பீட்டர்சன் ‘கால் ஆஃப் க்துல்ஹு’ என்ற ஆட்டமாக்கியபோது செய்தது இன்னும் துணிச்சலானது. அதில் புத்தி சுவாதீனத்துக்கு ஓர் எண் உண்டு. பிரபஞ்சத்தின் ரகசியங்களைப் பற்றிய அறிவு கூடக்கூட, அந்த எண் எட்டக்கூடிய உச்சவரம்பு நிரந்தரமாகக் குறைந்துகொண்டே போகிறது. எத்தனை ஓய்வெடுத்தாலும் பழைய அளவுக்கு மீள முடியாது. அறிவதுதான் ஆபத்து என்ற அந்த எழுத்தாளரின் முழுத் தரிசனமும் ஒரு கழித்தல் கணக்கில் அடங்கிவிட்டது.

நம் தொடர்கதைகளை இப்படி ஆட்டமாக்கினால் என்ன என்று யாராவது கேட்டால் உடனே ‘பொன்னியின் செல்வ’னைத்தான் சொல்வார்கள். கல்கி 1950-லிருந்து 1954 வரை எழுதியது. அதில் வாளால் ஆகும் காரியங்கள் குறைவு; ஓலையாலும் ஒட்டுக்கேட்பதாலும் ஆகிறவையே அதிகம். ஆகவே தாளில் எழுத வேண்டிய எண் வீரம் அல்ல, ரகசியம். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதையோ கதையை நடத்துகிறவனும் அறியக்கூடாது என்று ஒரு விதி தேவைப்படும். அந்தக் கதையைப் பற்றி இவ்வளவாவது யோசிக்க வைத்தது இந்த ஆட்டங்கள்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் என்னைக் கவர்வது அதைவிடப் பழைய ஒன்று. பதினோராம் நூற்றாண்டில் சோமதேவர் தம் கதைக்கடலில் சேர்த்து, 1947-ல் சென்னையில் தொடங்கிய அம்புலிமாமா பல பத்தாண்டுகள் வீடுவீடாகக் கொண்டுவந்த வேதாளக் கதை. அது ஏற்கெனவே ஓர் ஆட்டம். வேதாளம்தான் நடுவன். கதை சொல்லி முடித்து, ஒரு சிக்கலை முன்வைத்து, நீ என்ன தீர்ப்புச் சொல்கிறாய் என்று கேட்கிறது. தெரிந்தும் பேசாவிட்டால் தலை வெடிக்கும். பேசினாலோ மௌனம் கலைந்து வேதாளம் முருங்கை மரத்துக்குத் திரும்பிவிடும். பரமபதத்தின் பாம்பு இங்கேயும் உண்டு. பேசியதால் நடந்த தூரம் அத்தனையும் வீண். ஒரு வித்தியாசம்: இந்தப் பாம்பின் வாயில் அரசன் ஒவ்வொரு முறையும் அறிந்தே கால் வைக்கிறான். கடைசிக் கேள்விக்கு விடை தெரியாததால்தான் அவனால் மௌனமாக இருக்க முடிகிறது, போய்ச்சேரவும் முடிகிறது. பீட்டர்சனின் ஆட்டத்தில் அறிவுக்கு விலை புத்தி. வேதாளத்தின் ஆட்டத்தில் அறிந்தவன் சொல்லியாக வேண்டும், சொன்னால் முதலிலிருந்து நடந்தாக வேண்டும். விதியின் இரண்டு அர்த்தங்களுக்கும் நடுவே, மனிதன் வாய் திறக்கக் கிடைத்த சின்ன இடம் இது.

விமர்சனம் எழுதுகிறவர்களுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் நிலைமையை எடுத்துச் சொன்னதில்லை. உருவம், உள்ளடக்கம் என்று நாம் பல பத்தாண்டுகள் சண்டையிட்டோம். ஒரு படைப்பின் உலகில் எது எதை விலையாகக் கேட்கிறது என்ற எளிய கேள்வியைக் கேட்டவர்கள் சொற்பம். எனக்கும் பல சமயம் பதில் தெரிந்திருந்தது. நண்பர்களின் புத்தகங்கள் என்பதால் பேசாமல் இருந்தேன். தலை வெடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

விடியற்காலை மூன்று மணி இருக்கும். உள்ளே பையன்கள் மேஜைமேல் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார்கள். அம்மாவின் காய் உச்சி வரிசையில் நின்றது. கட்டையை உருட்டினாள். பெரிய பாம்பு. காயைத் தானே நகர்த்திக் கீழே கொண்டுவந்து வைத்துவிட்டு, அத்தையிடம் கட்டையைக் கொடுத்தாள்.